‘நார்மல்’ என்னும் சொல்

கிள்ளானில் வாழும் முதியவர் ஒருவரை மனக்கண்முன் நிறுத்திப் பார்க்கலாம். எழுபது வயதைத் தொட்டவர். சிறு வயதில் தோட்டத்துத் தமிழ்ப் பள்ளியில் ஆறாண்டு படித்து, பின்னர் நெடுங்காலம் பால்மரம் வெட்டி, தோட்டம் வீடமைப்புக்கு விற்கப்பட்டதும் பட்டணத்துக்குக் குடிபெயர்ந்தவர். தமிழ்ச் செய்தித்தாளைத் தலையங்கம் முதல் மரண அறிவித்தல் வரை ஒரு வரி விடாமல் படிப்பவர். ஈராண்டுகளுக்கு முன் அவருக்குப் புரோஸ்டேட் சுரப்பியில் புற்றுநோய் இருப்பது தெரிந்து, அறுவைச் சிகிச்சை செய்து அச்சுரப்பியை முழுவதுமாக எடுத்துவிட்டார்கள். ஆறு மாதத்துக்கு ஒரு முறை இரத்தம் கொடுத்துச் சோதித்துவரும்படி டாக்டர் சொல்லியிருந்தார். இம்முறை வீட்டுக்கு அருகிலிருந்த தனியார் ஆய்வுக்கூடம் ஒன்றில் கொடுத்தார். வந்த தாள் ஆங்கிலத்தில் இருந்தது. பேத்தி வாசித்தாள். அளவு 0.6 என்று கண்டிருந்தது. பக்கத்துக் கட்டத்தில், 4 வரை நார்மல் என்று அச்சிட்டிருந்தது. “நார்மல்தான் தாத்தா” என்றாள். வீடே மகிழ்ந்தது. டாக்டரைப் பார்க்கவேண்டிய நாள் வந்தபோது, ‘எல்லாம்தான் நார்மல் ஆயிற்றே’ என்று பெரியவர் போகவில்லை.

இம்முதியவர் கற்பனை மனிதர். அவர் கையிலிருந்த தாள் கற்பனையன்று. 4 என்ற அந்த எல்லைக்கோடு, சுரப்பி உடம்பில் இருக்கும் ஆண்களுக்காக வரையப்பட்டது. சுரப்பியை எடுத்துவிட்ட ஒருவருக்கு 0.6 என்பது தாமதமின்றி டாக்டரிடம் காட்டவேண்டிய அளவு. பேத்தி பிழையாக வாசிக்கவில்லை. தாளும் பொய் கூறவில்லை. யாருக்கு நார்மல் என்ற கேள்வியை எவரும் கேளாமல் விட்டதால் வந்த வினை இது. அக்கேள்வியைக் கேட்கக் கற்றுக்கொடுக்க வேண்டியவை தமிழில் வெளிவரும் மருத்துவக் கட்டுரைகளும் கையேடுகளும். அவற்றிற் பலவோ அந்தத் தாள் சொன்னதையே தமிழில் திருப்பிச் சொல்லி அமைகின்றன. ‘பி.எஸ்.ஏ. அளவு 4க்குக் கீழ் இருந்தால் கவலை வேண்டாம்’ என்னும் கருத்தமைந்த வாக்கியத்தை இத்தகைய எழுத்துகளில் அடிக்கடி காணலாம். அந்த வாக்கியமே இங்கு ஆராய்ச்சிக்கு உரியது.

முதலில் பொருளைத் தெளிந்துகொள்ள வேண்டும். புரோஸ்டேட் என்பது ஆண்களுக்கு மட்டும் உள்ள சிறு சுரப்பி. சிறுநீர்ப்பைக்குக் கீழே, சிறுநீர்க் குழாயைச் சுற்றி அமைந்திருப்பது. விந்து நீரை இளக்குவதற்காக அது ஒரு புரதத்தைச் சுரக்கிறது. அப்புரதத்தின் ஆங்கிலப் பெயரின் முதலெழுத்துகளே பி.எஸ்.ஏ. என்பவை. அதில் மிகச் சிறு பகுதி இரத்தத்தில் கசிகிறது. வயது ஏறச் சுரப்பி பருத்தாலும், கிருமி தொற்றி வீங்கினாலும், புற்றுநோய் கண்டாலும் கசிவு மிகும். ஆகவே, சுரப்பி உள்ளவரிடம் இந்த அளவு ஐயத்தை எழுப்புமேயன்றித் தீர்ப்புச் சொல்லாது. 4க்குக் கீழே இருப்பதும் முழு நற்சான்று ஆகாது. அவ்வெல்லைக்குள் இருந்த அமெரிக்க ஆண்கள் 2950 பேரைத் திசுச் சோதனை செய்து பார்த்து 2004இல் வெளியான ஆராய்ச்சியில், ஏறத்தாழ 15 விழுக்காட்டினருக்குப் புற்றுநோய் இருந்தது தெரியவந்தது.

சிகிச்சைக்குப்பின் கதை மாறிவிடுகிறது. புரோஸ்டேட்டில் பிறந்த புற்று அணுக்கள் எலும்புக்குப் போனாலும், நெறிக்கட்டிகளுக்குப் போனாலும், பெரும்பாலும் தம் பிறவித் தொழிலை விடுவதில்லை. அதே புரதத்தைச் சுரந்துகொண்டே இருக்கின்றன. சுரப்பியை எடுத்தபின் இரத்தத்தில் எஞ்சியிருக்கும் பி.எஸ்.ஏ. இரண்டு மூன்று நாட்களுக்கு ஒரு முறை பாதியாகக் குறைந்து, ஆறு வாரத்துக்குள் அளக்க முடியாத நிலைக்கு இறங்கவேண்டும். பின்னர் அது மீண்டும் தோன்றினால், அதைச் சுரப்பது எது என்ற வினா எழுகிறது.

தோட்டத்தில் வாழ்ந்தவருக்கு இதை விளக்க நீண்ட விரிவுரை வேண்டியதில்லை. மரங்கள் நிற்கும் நிரையில் நாள்தோறும் இத்தனை வாளி பால் வருவது வழக்கம், கொஞ்சம் கூடும், கொஞ்சம் குறையும், எவரும் வியப்பதில்லை. மறுநடவுக்காக மரங்களையெல்லாம் வேரோடு சாய்த்துவிட்ட நிரையிலிருந்து ஒரு மங்குப் பால் வந்தால், அது மற்ற நிரைகளின் கணக்கைவிடக் குறைவு என்று எந்தக் கங்காணியாவது சும்மா இருப்பாரா? எங்கோ ஒரு மரம் நிற்கிறது என்று தேடப் புறப்படுவார். 0.6 என்பது அந்த மங்குப் பால்.

கதிர்ச் சிகிச்சை பெற்றவருக்கும் இதே தோட்டத்தில் உவமை உண்டு. முற்காலத்தில் கிழட்டு மரங்களுக்கு நஞ்சு பூசி நின்றவாறே பட்டுப்போகச் செய்வார்கள். மரம் நிற்கும், ஆனால் நாளடைவில் வற்றும். கதிர் பட்ட சுரப்பியும் அவ்வாறே உடம்பில் இருந்துகொண்டே வற்றுகிறது. அதனால் பி.எஸ்.ஏ. உடனே இறங்குவதில்லை, ஓராண்டு, ஈராண்டு, சில வேளை அதற்கு மேலும் ஆகலாம். முழுவதும் மறையவேண்டும் என்பதும் இல்லை. இடையில் சிலருக்குச் சற்றே ஏறிப் பின் தானே இறங்குவதும் உண்டு. எனவே இவர்களுக்கு வேறு அளவுகோல் வேண்டியதாயிற்று. அமெரிக்காவின் பீனிக்ஸ் நகரில் 2005இல் கூடிய வல்லுநர்கள், எட்டிய மிகத் தாழ்ந்த அளவுக்கு மேல் 2 நானோகிராம் ஏறினால் நோய் திரும்பியதாகக் கொள்ளலாம் என்று வரையறுத்தார்கள். அறுவைச் சிகிச்சை பெற்றவர்களுக்கு அமெரிக்கச் சிறுநீரியல் சங்கம் கொண்ட வரம்பு 0.2, அதுவும் ஒரு முறை கண்டால் போதாது, மறுமுறை சோதித்து உறுதி செய்யவேண்டும்.

ஆக, ஒரே இரத்தச் சோதனைக்கு மூன்று அளவுகோல்கள். சுரப்பி உள்ளவருக்கு ஒன்று, எடுத்துவிட்டவருக்கு ஒன்று, கதிர் பட்டவருக்கு ஒன்று. ஆண்மை நீரை அடக்கும் ஊசி போட்டுக்கொள்பவருக்கு நான்காவதாக ஓர் எச்சரிக்கையும் உண்டு: ஊசியின் வலிமையாலேயே அளவு இறங்கியிருக்கலாம், நோய் அடங்கியிருக்கிறது என்றுதான் அதற்குப் பொருள், அற்றுப்போனது என்று பொருள் கொள்ளலாகாது. இவற்றையெல்லாம் ஒரே கட்டத்தில் அடைத்து ‘நார்மல்’ என்று முத்திரையிடுவது, பல வகுப்புப் பிள்ளைகளுக்கு ஒரே வினாத்தாள் கொடுத்து மதிப்பெண் போடுவதைப் போன்றது.

அளவு எத்துணை நுண்ணியது என்பதையும் எழுதுவோர் சொல்லவேண்டும். நானோகிராம் என்பது ஒரு கிராமில் நூறு கோடியில் ஒரு பங்கு. ஐம்பது மீட்டர் நீளமும் இருபத்தைந்து மீட்டர் அகலமும் இரண்டு மீட்டர் ஆழமும் உள்ள நீச்சல் குளத்தில் அரைக் கிராம் உப்பைக் கரைத்தால் எவ்வளவு செறிவோ, அவ்வளவுதான் ஒரு மில்லிலிட்டரில் 0.2 நானோகிராம் என்பது. இத்துணைச் சிறிய அளவைக் காணும்போது ஒரு கருவிக்கும் மறு கருவிக்கும் வேறுபாடு இராமற்போகாது. அளவிடும் முறையைப் பொறுத்து ஐந்தில் ஒரு பங்கு வரையிலும் எண் மாறக்கூடும். இந்த முறை ஓர் ஆய்வுக்கூடம், அடுத்த முறை மலிவாகக் கிடைத்த இன்னொன்று என்று மாறிக்கொண்டிருந்தால், ஏறியது நோயா, கருவியா என்று பிரித்தறிவது கடினம். ஒரே இடத்தில் இரத்தம் கொடுங்கள் என்ற இந்த எளிய அறிவுரையைச் சொல்லும் தமிழ்க் கட்டுரைகள் மிகச் சில.

இச்சோதனையின் வரலாற்றைப் பார்த்தால் கட்டுரையாளர்களின் பிழை இன்னும் தெளிவாகும். புரோஸ்டேட் நோயை இரத்தத்தில் காணும் முயற்சி 1938இல் கட்மன் தம்பதியர் அமிலப் பாஸ்படேஸ் என்ற நொதியைக் குறித்து எழுதியதிலிருந்து வளர்ந்தது. 1941இல் சிகாகோவில் சார்லஸ் ஹக்கின்சும் ஹாட்ஜசும், விரைகளை அகற்றினால் நோய் தணிவதையும், அந்நொதியின் அளவு இரத்தத்தில் இறங்குவதையும் காட்டினார்கள். சிகிச்சையின் பலனை இரத்தத்தைக் கொண்டு கணிக்கும் வழக்கம் அப்போதே வேரூன்றியது. ஹக்கின்சுக்கு நோபல் பரிசு 1966இல் கிடைத்தது. பி.எஸ்.ஏ. புரதத்தைத் தூய்மையாகப் பிரித்தெடுத்தவர்கள் நியூயார்க் மாநிலத்துப் பஃபலோ நகரின் ராஸ்வெல் பார்க் நிலையத்தார், ஆண்டு 1979. அமெரிக்க அரசின் உணவு மருந்து நிர்வாகம் இச்சோதனைக்கு இசைவு அளித்தது 1986இல். எதற்காக? ஏற்கெனவே நோய் கண்டவர்களைக் கண்காணிப்பதற்காக. நோய் இருக்கிறதா என்று புதிதாகத் தேடுவதற்குத் துணையாகவும் கொள்ளலாம் என்ற இசைவு எட்டாண்டுகள் கழித்து, 1994இல்தான் வந்தது.

அதாவது, சிகிச்சை பெற்றவருக்குக் காவல் நிற்பதே இச்சோதனையின் மூத்த தொழில். புதிதாகத் தேடுவது பின்னர் ஏற்றுக்கொண்ட வேலை. தமிழ் எழுத்துகளிலோ இளைய தொழில் முழுப் பக்கத்தையும் பிடித்துக்கொள்ள, மூத்த தொழிலுக்கு ஈற்றில் ஒரு வரி கிடைத்தால் பெரிது. ‘ஐம்பது வயதாயிற்றா? உடனே சோதியுங்கள்’ என்று தொடங்கி, 4 என்ற எண்ணைச் சொல்லி, உணவில் தக்காளி சேர்க்கச் சொல்லி முடித்துவிடுகிறார்கள். சோதித்து, நோய் கண்டு, அறுத்து, பிழைத்து வீட்டிலிருக்கும் மனிதர் அக்கட்டுரையில் இல்லை. தமக்காக எழுதப்படாத வாக்கியத்தை அவர் தமக்கென்றே எடுத்துக்கொள்கிறார்.

இதற்கு நேர் எதிரான இன்னொரு தீங்கும் உண்டு. புதிதாகத் தேடும் சோதனையைப் பற்றி அமெரிக்காவில் பெரும் சர்ச்சை நடந்தது. 1970இல் புரோஸ்டேட்டுக்குரிய ஒரு புரதத்தை முதலில் கண்டறிந்தவர்களுள் ஒருவரான ரிச்சர்ட் ஆப்லினே, 2010இல் நியூயார்க் டைம்ஸ் இதழில், எல்லா ஆண்களையும் இவ்வாறு சோதிப்பது பொதுச் சுகாதாரத்துக்குக் கேடாக முடிந்தது என்று வன்மையாகக் கண்டித்தார். அந்நாட்டு நோய்த் தடுப்புப் பணிக்குழு 2012இல் பொதுவான சோதனை வேண்டாம் என்றது. 2018இல், 55 முதல் 69 வயது வரையுள்ளவர்கள் டாக்டருடன் கலந்து தாமே முடிவு செய்யலாம் என்று தளர்த்திக்கொண்டது. இச்சர்ச்சையின் எதிரொலியாக, ‘பி.எஸ்.ஏ. சோதனை பயனற்றது என்று அமெரிக்கர்களே சொல்லிவிட்டார்கள்’ என்ற பேச்சு கிளம்பியது. ஆனால் ஆப்லின் அதே கட்டுரையில், சிகிச்சை பெற்றவரிடம் விரைவாக ஏறும் அளவு நோய் திரும்பியதைக் காட்டும், அவ்விடத்தில் சோதனைக்கு இடமுண்டு என்று ஒப்புக்கொண்டிருக்கிறார். கண்டனத்தைக் கேட்டவர்கள் இந்த விலக்கைக் கேட்கவில்லை. பாதி வாசித்தவன் முழுதும் வாசித்தவனைவிட உரக்கப் பேசுவது எல்லா ஊரிலும் உள்ள வழக்கம்.

இனி, எண் ஏறிவிட்டது என்று வைத்துக்கொண்டால் என்ன? இங்கேதான் அச்சத்தைக் கிளப்பும் எழுத்து அடுத்த பிழையைச் செய்கிறது. ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவமனையில் அறுவைச் சிகிச்சை பெற்ற 1997 பேரைப் பின்தொடர்ந்து 1999இல் வெளியிட்ட ஆராய்ச்சி ஒன்று உண்டு. அவர்களுள் 15 விழுக்காட்டினருக்குப் பி.எஸ்.ஏ. மீண்டும் தோன்றியது. உடல் முழுவதற்குமான மருந்து எதுவும் தொடங்காமல் கவனித்துவந்தபோது, எண் ஏறத் தொடங்கியதிலிருந்து நோய் எலும்பு முதலிய இடங்களில் படத்தில் தெரியும் வரை சென்ற இடைக்காலம், நடுத்தரமாக எட்டாண்டுகள். எண் ஏறியது என்றால் நாளையே ஆபத்து என்று பொருளில்லை. எவ்வளவு விரைவாக இரட்டிக்கிறது என்பதே முதன்மையானது. மூன்று மாதத்துக்குள் இரட்டித்தால் நிலைமை கடுமை. பதினைந்து மாதத்துக்கு மேல் எடுத்துக்கொண்டால் நோய் மெதுவாக நடக்கிறது எனலாம். ஆகவே ஒற்றை எண் எதையும் சொல்லாது. தேதியோடு சேர்ந்த எண்களின் வரிசையே பேசும்.

அதற்காகக் கவலையற்று இருந்துவிடலாம் என்பதும் இல்லை. அறுவைச் சிகிச்சைக்குப்பின் ஏறும் அளவு 0.5ஐத் தாண்டுமுன் கதிர்ச் சிகிச்சை தொடங்கினால் பலன் மிகுதி என்பது டாக்டர்கள் நெடுநாளாகக் கண்ட உண்மை. முன்பு, ஐயத்துக்குரிய நோயாளர் பலருக்கு எண் ஏறும்வரை காத்திராமல் முன்கூட்டியே கதிர் கொடுக்கலாமா என்ற வாதம் இருந்தது. பிரிட்டன், கனடா முதலிய நாடுகளில் 1396 பேரை இரு பிரிவாக்கிச் செய்த ராடிக்கல்ஸ் ஆராய்ச்சியின் முடிவு 2020இல் வெளியாயிற்று. எல்லாருக்கும் உடனே கதிர் கொடுப்பதால் கூடுதல் நன்மை காணப்படவில்லை. இரத்தத்தைச் சோதித்துக்கொண்டிருந்து, எண் ஏறியவர்களுக்கு மட்டும் காலம் தாழ்த்தாமல் கொடுப்பதே தக்கது என்று தெரிந்தது. காத்திருந்த பிரிவில் பெரும்பாலோருக்கு அதற்குள் கதிர்ச் சிகிச்சையே தேவைப்படவில்லை. அதனால் வரும் சிறுநீர்த் தொல்லைகளிலிருந்து தப்பினார்கள்.

இதன் விளைவைக் கிள்ளான் முதியவரோடு பொருத்திப் பார்க்கவேண்டும். இன்றைய சிகிச்சை முறை அவரை நம்பியிருக்கிறது. அவர் ஒழுங்காக இரத்தம் கொடுப்பார், எண் ஏறினால் வந்து காட்டுவார் என்ற நம்பிக்கையின்மேல்தான் முன்கூட்டியே கொடுக்கும் கதிரை நிறுத்தி வைத்திருக்கிறார்கள். அவர் தாளில் ‘நார்மல்’ என்று படித்து வீட்டிலிருந்துவிட்டால், காத்திருக்கும் முறையின் நன்மை முழுவதும் அவரளவில் கெட்டுப்போகிறது. 0.2க்கும் 0.5க்கும் நடுவே அவருக்கு ஒரு கதவு திறந்திருந்தது. 4 வரை காத்திருக்கலாம் என்று எண்ணுபவர் அக்கதவைத் தாண்டி நெடுந்தூரம் போய்விடுவார்.

மலேசியத் தேசியப் புற்றுநோய்ப் பதிவேட்டின் 2012–2016 அறிக்கைப்படி, ஆண்களுக்கு வரும் புற்றுநோய்களுள் பெருங்குடல், நுரையீரல் ஆகியவற்றுக்கு அடுத்து மூன்றாம் இடத்தில் இருப்பது புரோஸ்டேட். சிகிச்சை முடிந்து வீட்டிலிருக்கும் முதியவர்களின் தொகை ஆண்டுதோறும் கூடிக்கொண்டே போகும். எனவே இது ஒரு சிலருக்கான விவகாரம் அன்று.

‘இதையெல்லாம் டாக்டர் சொல்லமாட்டாரா, கட்டுரை எதற்கு?’ என்று கேட்கலாம். டாக்டர் சொல்கிறார். சொல்வது ஆங்கிலத்திலோ மலாயிலோ. நேரம் சில நிமிடம். ஆங்கிலம் தெரிந்த மகனோ பேத்தியோ கூட வந்து மொழிபெயர்க்கவேண்டும். சுரப்பி இருக்கும் இடம் எது, அறுவைக்குப்பின் சிறுநீர் கசிகிறதா, தாம்பத்தியம் எப்படி என்ற கேள்விகளைப் பேத்தி தாத்தாவிடம் எப்படிக் கேட்பாள்? அவரும் அவளிடம் எப்படி விடை சொல்வார்? இருவரும் கூசி, ‘ஒன்றுமில்லை’ என்ற ஒரு சொல்லில் முடித்துவிடுகிறார்கள். தனியே அமர்ந்து படிக்கத்தக்க நல்ல தமிழ் அவர் கையில் இருந்தால் அந்தக் கூச்சத்துக்கு வேலையில்லை.

நல்ல தமிழ் என்றதும் கலைச்சொல் பிரச்சினை குறுக்கே நிற்கிறது. இச்சுரப்பிக்கு மட்டும் எத்தனை பெயர்கள்! சுக்கிலச் சுரப்பி, விந்துச் சுரப்பி, ஆண்மைச் சுரப்பி, முன்னிற்குஞ் சுரப்பி. கடைசிப் பெயர் இலங்கையில் ஆக்கியது; கிரேக்க மூலச்சொல்லின் பொருளும் ‘முன்னே நிற்பது’ என்பதே. அழகான ஆக்கம்தான், ஆனால் மலேசியாவில் அதைக் கேட்டவர் அரியர். விந்துச் சுரப்பி என்றால் படிப்பவர் விரையை நினைக்கிறார். ஆண்மைச் சுரப்பி என்ற பெயரோ மூன்றினும் தீயது. ‘உங்கள் ஆண்மைச் சுரப்பியை எடுத்துவிட்டோம்’ என்ற வாக்கியத்தைக் கேட்ட மனிதர், தம்மிடமிருந்து என்ன போயிற்று என்று எண்ணுவார்? அவர் நண்பர்களிடம் அந்நோயின் பெயரையே சொல்லமாட்டார்; சோதனைக்குப் போவதையும் மறைப்பார். தூய்மை விரும்புவோர் வருந்தினாலும், இவ்விடத்தில் புரோஸ்டேட் என்ற பிறமொழிச் சொல்லே மேலானது. அதற்கு எந்தப் பழிப்பொருளும் ஏறவில்லை; டாக்டர் வாயிலும் தாளிலும் அதுவே வருகிறது.

பி.எஸ்.ஏ. என்பதன் ஈற்றுச் சொல்லான ‘ஆன்டிஜென்’ என்பதை ‘எதிர்ப்பு’ என்று தொடங்கும் நெடுஞ்சொற்களால் மொழிபெயர்ப்போர் உண்டு. எதிர்ப்புச் சக்தி கூடவேண்டும் என்று நாள்தோறும் கேட்டுப் பழகிய வாசகர், இந்த எதிர்ப்பும் ஏறினால் நல்லது என்று கருதமாட்டாரா? புரோஸ்டேட் புரதம் என்றால் போதுமே.

இவை யாவற்றினும் ஆபத்தான சொல் ‘மீட்சி’. நோய் திரும்ப வருவதைக் குறிக்க ‘நோய் மீட்சி’ என்றும், ‘நோய் மீண்டது’ என்றும் எழுதுகிறார்கள். மீள்தல் என்பதற்குத் திரும்புதல் என்ற பொருள் உண்டு என்பது உண்மையே. ஆயினும், நோயிலிருந்து மீண்டார் என்றால் பிழைத்தார் என்பதல்லவா வழக்கு? எழுவாயாக நின்றால் நோய் வந்தது; ஐந்தாம் வேற்றுமை ஏற்று நீங்கற் பொருளில் நின்றால் நோய் போனது. ஓர் உருபின் இடைவெளியில் உயிர் ஊசலாடுகிறது. வகுப்பறையில் வேற்றுமை நடத்தும்போது எடுத்துக்காட்டாக நன்கு பயன்படும். நோயாளர் கையில் கொடுக்கும் தாளுக்கு இது ஆகாது. ‘நோய் திரும்ப வந்தது’ என்று மூன்று சொல்லில் எழுதினால் எவருக்கும் ஐயம் வராது. உடம்பில் எங்கும் கட்டி தெரியாமல் இரத்தத்தில் மட்டும் அளவு ஏறும் நிலைக்கு ‘உயிர்வேதியியல் மறுநிகழ்வு’ என்று பெயர் சூட்டியிருப்பதும் இவ்வகையே. ‘இரத்தத்தில் மட்டும் தெரியும் திரும்பல்’ என்பது அகராதிக்கு அழகு தராமல் இருக்கலாம். படிப்பவருக்குப் பொருள் தரும்.

தமிழுக்கு இவ்வேலை புதிதன்று. 1847இல் யாழ்ப்பாணத்துக்கு வந்த அமெரிக்க டாக்டர் சாமுவேல் கிரீன், மானிப்பாயில் தமிழ் இளைஞர்களுக்கு மேனாட்டு மருத்துவத்தைத் தமிழிலேயே கற்பித்து, மருத்துவ நூல்களைத் தமிழாக்கி, சொற்பட்டியல்களும் தொகுத்தார். உடற்கூற்று நூலான ‘மனுஷ அங்காதிபாதம்’ 1872இல் வெளிவந்தது. ரயில்வே வேலைக்காக யாழ்ப்பாணத்திலிருந்து வந்து பிரிக்பீல்ட்சில் குடியேறியவர்களின் பாட்டனார் காலத்தில், ஒரு நோயாளி தன் உடம்பைப் பற்றித் தன் மொழியிலேயே டாக்டரிடம் கேட்டறிய முடிந்தது. பின்னர், 1966 ஏப்ரலில், தனிநாயக அடிகளாரின் முயற்சியால் முதல் உலகத் தமிழாராய்ச்சி மாநாடு கோலாலம்பூரில் கூடியது. ஹக்கின்ஸ் நோபல் பரிசு பெற்ற அதே ஆண்டு. அடிகளார் தலைமை வகித்த இந்திய இயல் துறை இருக்கும் மலாயாப் பல்கலைக்கழகத்துக்கே சொந்தமாக, பந்தாய்ப் பள்ளத்தாக்கில் பெரிய மருத்துவமனையும் இருக்கிறது. இரண்டுக்கும் இடையே உள்ள தூரம் நடந்து போகும் தூரமே. அங்கே தமிழ் ஆராய்ச்சியும், இங்கே தமிழ் நோயாளரும். நடுவே ஒரு பக்கத் துண்டுத்தாளை எழுதிச் சரிபார்ப்பதற்குப் பெரிய மாநாடு எதுவும் வேண்டியதில்லை. ஒரு தமிழாசிரியரும் ஒரு டாக்டரும் ஒரு பிற்பகல் உட்கார்ந்தால் போதும்.

அத்தாளில் என்ன இருக்கவேண்டும் என்பதற்கு மாதிரியாகச் சில வரிகள்:

‘புரோஸ்டேட் சுரப்பி உங்களுக்கு எடுக்கப்பட்டிருந்தால், ஆய்வுக்கூடத் தாளில் உள்ள 4 என்ற எல்லை உங்களுக்கு உரியது அன்று. உங்கள் அளவு அளக்க முடியாதபடி மிகக் குறைவாக இருக்கவேண்டும். 0.2 அல்லது அதற்கு மேல் கண்டால், அல்லது ஒவ்வொரு முறையும் கொஞ்சம் கொஞ்சமாக ஏறிவந்தால், அடுத்த தவணைக்குக் காத்திராமல் டாக்டரிடம் காட்டுங்கள். அவர் பெரும்பாலும் மறுமுறை சோதிக்கச் சொல்வார். கதிர்ச் சிகிச்சை பெற்றிருந்தால், உங்கள் மிகத் தாழ்ந்த அளவு எது என்று கேட்டு எழுதி வைத்துக்கொள்ளுங்கள்; அதிலிருந்தே கணக்கிடுவார்கள். ஊசி போட்டுக்கொள்பவராயின், அளவு இறங்கிவிட்டது என்று ஊசியை நீங்களாக நிறுத்தாதீர்கள். அளவு ஏறாமலே நோய் வளர்வதும் சிலருக்கு உண்டு. எலும்பில் விடாத வலி கண்டால் தாள் என்ன சொன்னாலும் டாக்டரிடம் சொல்லுங்கள். எப்போதும் ஒரே இடத்தில் இரத்தம் கொடுங்கள். எண்ணையும் தேதியையும் ஒரு நோட்டில் எழுதுங்கள்.’

நூறு சொல்லுக்குள் அடங்காத செய்தி இதில் எதுவுமில்லை என்று சொல்ல முடியாது. ஊசியைப் பற்றி மட்டும் தனியே ஒரு தாள் வேண்டியிருக்கும். நோட்டைப் பற்றி ஒரு சொல். தோட்டத்தில் நாள்தோறும் பெரட்டில் பெயர் பதிந்து, பாலை நிறுத்து, கணக்கை நோட்டில் குறித்துப் பழகிய தலைமுறை அது. தேதி, அளவு, ஆய்வுக்கூடத்தின் பெயர், அப்போது நடந்துவந்த சிகிச்சை என நான்கு கட்டம் கோடு போட்டுக் கொடுத்தால், பேரப்பிள்ளைகளைவிட ஒழுங்காக எழுதி வைப்பார்கள்.

ஆய்வுக்கூடத்தார் செய்யவேண்டியது இதனினும் சிறிது. 4 என்ற எண்ணை அச்சிடும் கட்டத்துக்கு அடியில் ஒரு வரிக்கு எப்போதும் இடமிருக்கிறது. ‘சுரப்பி எடுக்கப்பட்டவருக்கும் சிகிச்சை பெற்றவருக்கும் இவ்வெல்லை பொருந்தாது, டாக்டரிடம் காட்டவும்’ என்று மலாயிலும் சீனத்திலும் தமிழிலும் அச்சிட்டால், மொத்தம் மூன்று வரி.